பழைய வெர்ஷனில் தெரியாத கேள்விகள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆபீஸுக்குக் கிளம்பி ஷூவுக்குள் ஒரு காலை நுழைத்திருந்தேன். சென்னையிலிருந்து போன். இந்தப் பத்தியை வாரா வாரம் வாங்கி, பிழை திருத்தி, அச்சுக்கு அனுப்பும் உதவி ஆசிரியர். பொறுப்புக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. பணிவானவர்.

"சார், ஒரு சின்ன விஷயம். டைப் பண்ற சாஃப்ட்வேர்ல நீங்க எந்த வெர்ஷன் வச்சிருக்கீங்க?"

சொன்னேன்.

மறுமுனையில் மௌனம். ரத்த அழுத்தம் பார்க்கிற டாக்டர், பட்டையை அவிழ்த்துவிட்டு இன்னொரு தடவை கட்டுவாரே... அந்த மாதிரி மௌனம்.

"அது வந்து சார்... அடுத்த மாசத்துலேர்ந்து நாங்க புது ஃபான்ட்டுக்கு மாறுறோம். உங்க வெர்ஷன்ல அது வெறும் கட்டம் கட்டமாத்தான் தெரியும். கொஞ்சம் அப்கிரேட் பண்ணிட்டீங்கன்னா..."

"பண்ணலைன்னா?"

"கையால எழுதி கூரியர்ல அனுப்பலாம் சார்."

என் கையெழுத்தை அவர் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இப்படி ஒரு வாய்ப்பைத் தந்திருக்க மாட்டார்.

அப்கிரேட் செய்வதா, வேண்டாமா? நீங்கள் சிரிக்கலாம். 'இதில் யோசிக்க என்ன இருக்கிறது?' என்று கேட்கலாம். கேளுங்கள். என் வீட்டில் அதைத்தான் மூன்று வாரம் கேட்டார்கள்.

தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — நான் ஹைதராபாத்தில் ஏ.எஸ்.ராவ் நகர்வாசி. பக்கத்திலிருக்கும் பொதுத்துறைத் தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. அதாவது, அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். ஒரு கருவி என் மேஜைக்கு வந்தால், ஏதாவது ஒரு ஸ்க்ரூவின் மேல் சந்தேகம் கிளப்பாமல் அனுப்பியதில்லை. அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டுவேன்: 'விளக்கம் தேவை.' மூன்று நாளில் பதில் வரவில்லையா? சிவப்பு மையில் இன்னொரு சீட்டு. பதில் சொல்லாத மனிதர்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது.

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதும்போதே முகம் சுடுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

என் பழைய வெர்ஷன், நான் முதன்முதலில் கம்ப்யூட்டர் வாங்கியபோது கூடவே வந்தது. ஆறு வருடப் பழக்கம். எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எது எதைத் தொட்டால் அது தொங்கிப்போகும் என்பதும் தெரியும். அதனால் அவற்றைத் தொடுவதில்லை. கிட்டத்தட்ட பாதி மெனுவை நான் தொட்டதே இல்லை. நானும் அதுவும் ஒருவருக்கொருவர் தொந்தரவு இல்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தோம்.

முறைப்படி ஆராய்வது என்று முடிவு செய்தேன். ஒரு பட்டியல் போட்டேன். இடது பக்கம் சாதகங்கள், வலது பக்கம் பாதகங்கள். இடது பக்கத்தில் ஒரே வரி: 'பத்தி அச்சில் வரும்.' வலது பக்கத்தில் பதினேழு. பழைய ஃபைல்கள் திறக்காமல் போகலாம். ப்ரின்டர் கோபித்துக்கொள்ளலாம். மின்சாரம் பாதியில் நின்றால் இரண்டு வெர்ஷனுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளலாம். பதினேழாவதாக எழுதியிருந்தது: 'என்னவோ சரியாகப் படவில்லை.'

என் மனைவி வசந்தா பொலாரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஊர் கோபிச்செட்டிபாளையம். அந்தப் பட்டியலைப் பரீட்சைப் பேப்பர் மாதிரி மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"ஏனுங்க, என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட நீங்க இத்தனை யோசிக்கலையே?"

"அப்ப என்கிட்ட பழைய வெர்ஷன் எதுவும் இல்லையே."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அன்று இரவு நானே தோசை வார்த்துக்கொண்டேன்.

அடுத்த ஆலோசனை, பால்ராஜிடம். திருமுல்கேரியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். என் வயதுக்காரர். அவருடைய கொள்ளுத் தாத்தா வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பால்ராஜின் தமிழ் இந்த ஊரில் மட்டுமே விளையும்: ஆமாம் என்பதற்கு 'ஹவ்', ஏன் என்பதற்கு 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'.

"ஹவ் சார், போட்டுடலாம். ஒரு ஞாயித்துக்கிழமை போதும்."

"பழைய ஃபைலெல்லாம் திறக்குமா?"

"தொறக்கும் சார்."

"எல்லாமே?"

"எல்லாமே சார்."

"ஒருவேளை திறக்கலைன்னா?"

பால்ராஜ் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "கைக்கு சார் இவ்ளோ யோசிக்கிறீங்க? நேத்து மிலிட்டரி கர்னல் ஒருத்தர் வந்தாரு, எழுபத்தஞ்சு வயசு. போடுன்னாரு, போட்டேன், சலாம் சொல்லிட்டுப் போயிட்டாரு. பயம் நக்கோ சார்."

பயமா? எனக்கா? 'இது பயம் இல்லை, நிதானம்' என்று அவருக்கு விளக்கினேன். கால் மணி நேரம் விளக்கினேன். பால்ராஜ் அதற்குள் ஒரு மவுஸை ரிப்பேர் செய்து முடித்துவிட்டார்.

உண்மை என்ன தெரியுமா? பயம்தான். ஆறு வருடமாக எனக்கு எல்லாம் தெரியும் என்று இருந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எதுவும் தெரியாதவன் ஆவதற்கு யாருக்குத்தான் துணிச்சல் வரும்? ஆபீஸிலும் இதே கதைதான். புதுக் கருவி வந்தால் அதன் தரத்தை நான் சந்தேகிப்பது பாதி நேரம் எனக்கு அதை இயக்கத் தெரியாததால்தான். இதுவரை வெளியில் சொன்னதில்லை. என் மேலதிகாரிக்குத் தமிழ் தெரியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கடைசியில், 'இந்த வாரத்தோடு பழைய ஃபான்ட் முடிகிறது சார்' என்று சென்னையிலிருந்து இரண்டாவது போன் வந்ததும் சரணடைந்தேன். முடிவெடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால், முடிவு என்னை எடுத்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு பால்ராஜ் வந்தார். சிடியைப் போட்டார். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கும் சொந்தக்காரர் போல விரலை நெரித்துக்கொண்டிருந்தேன். வசந்தா காபி கொண்டுவந்து பால்ராஜுக்கு மட்டும் கொடுத்தாள். பன்னிரண்டு மணிக்குள் முடிந்துவிட்டது. ஒரு பொறி பறக்கவில்லை, ஒரு ஃபைல் தொலையவில்லை.

"அவ்ளோதான் சார்," என்று பையை மாட்டிக்கொண்டு பால்ராஜ் போய்விட்டார்.

தரக்கட்டுப்பாடு சும்மா இருக்குமா? எல்லா ஃபைலும் திறக்கும் என்றாரே, பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். என் கட்டுரை ஒவ்வொன்றையும் பத்திரிகை ஆபீஸ், பக்கத்துக்கு ஏற்றபடி ஒழுங்கு செய்து எனக்குத் திருப்பி அனுப்பும். அவற்றை 'அச்சில் வந்தவை' என்று தனி ஃபோல்டரில் சேமித்து வைத்திருக்கிறேன். பெருமைக்காக. அதிலிருந்து, ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒன்றைத் திறந்தேன்.

திறந்தது. ஆனால் பக்கத்தின் வலது ஓரம் முழுக்கச் சிவப்பு சிவப்பாகப் பெட்டிகள்! ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு கோடு கிளம்பி, என் கட்டுரையின் ஏதோ ஒரு வார்த்தையைப் போய்ப் பிடித்திருந்தது. பெட்டிக்குள் பொடி எழுத்தில் ஏதேதோ ஆங்கிலம். இன்னொரு ஃபைல் திறந்தேன். அதிலும் பெட்டிகள். இன்னொன்று. அதிலும்.

எனக்குக் கொண்டாட்டம். பதினேழு பாதகங்களில் ஒன்று பலித்துவிட்டது அல்லவா? உடனே பால்ராஜுக்குப் போன் செய்தேன்.

"நான்தான் சொன்னேனே! வைரஸ்! எல்லா ஃபைல்லயும் சிவப்பா பெட்டி பெட்டியா வருது!"

"பெட்டிக்குள்ள என்ன சார் எழுதியிருக்கு? படிச்சீங்களா?"

"வைரஸை யாராவது படிப்பாங்களா?"

"படிங்க சார்."

படித்தேன். ஆங்கிலம் இல்லை. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். வாய்விட்டுப் படித்தேன். "சார், போன மாதமும் இதே உவமை வந்திருக்கிறது. மாற்றித் தர முடியுமா?"

பால்ராஜ் சொன்னார்: "வைரஸ் இல்ல சார். யாரோ உங்ககூட பேசியிருக்காங்க. பழைய வெர்ஷன்ல இது தெரியாம நீங்கதான் ஆஃப் பண்ணச் சொன்னீங்க. ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் வந்தது.

பழைய வெர்ஷனில், கண்ணும் புருவமும் வைத்த ஒரு வளைந்த கம்பிப் பொம்மை திரையின் மூலையில் எட்டிப் பார்த்து, 'கடிதம் எழுதுகிறீர்களா? உதவட்டுமா?' என்று உயிரை வாங்கும். அதை பால்ராஜ்தான் ஒழித்துக்கட்டினார். அதன் பிறகு கொஞ்ச காலத்தில், பத்திரிகை ஆபீஸிலிருந்து வரும் ஃபைல்களில் அங்கங்கே மஞ்சள் பூச்சு தெரிய ஆரம்பித்தது. மவுஸ் அதன்மேல் போனால் ஒரு குட்டிப் பெட்டி குதிக்கும். ஏதோ ஆங்கில எழுத்து. படிப்பதற்குள் மறைந்துவிடும். கம்பியின் தம்பி போலிருக்கிறது என்று நினைத்தேன். 'இந்தத் தொல்லையையும் நிறுத்திடுங்க பால்ராஜ்' என்றேன். ஒரே க்ளிக். நிறுத்திவிட்டார்.

நான் அன்றைக்கு நிறுத்தியது ஒரு பெண்ணின் பேச்சை.

அவர் பெயரை மாலதி என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒன்றரை வருடம் இந்தப் பக்கத்தின் உதவி ஆசிரியராக இருந்தவர். ஒவ்வொரு வியாழக்கிழமையும் என் கட்டுரையைத் திருப்பி அனுப்புவார். கூடவே ஒரு வரி: 'பார்வைக்கு இணைத்துள்ளேன். வெள்ளி மதியத்துக்குள் தெரிவிக்கவும்.'

பார்வைக்கு என்றால் ரசிப்பதற்கு என்று எடுத்துக்கொண்டேன். ஃபைலைத் திறப்பேன். என் பெயர் மேலே அழகாக இருக்கிறதா என்று பார்ப்பேன். மூடுவேன். பதில் அனுப்புவேன்: 'நன்றி. சிறப்பு.'

ஒன்றரை வருடமும் அதே இரண்டு வார்த்தைகள்.

அன்று மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து படித்துக்கொண்டே போனேன். 'சார், இந்தக் குருவி இந்தப் பருவத்தில் அங்கே வராது என்று படித்தேன். சரிபார்க்கிறீர்களா?' நன்றி. சிறப்பு. 'சார், இந்தப் பத்தி கொஞ்சம் நீளம். இரண்டு வரி எடுக்கலாமா?' நன்றி. சிறப்பு. 'சார், முடிவு மிக நன்றாக இருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.' இதற்கும் நன்றி, சிறப்பு. இது ஒன்றுக்குத்தான் அந்தப் பதில் பொருந்தியது.

வசந்தா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. ஒரு பெட்டியை விரலால் தொட்டுக் காட்டினாள். "இதைப் படியுங்க."

'சார், மேடத்தின் சாம்பார் பற்றிய ஜோக் இது பதிமூன்றாவது தடவை. அவர்களும் படிப்பார்கள் அல்லவா? வருத்தமாக இருக்காதா? எடுத்துவிடட்டுமா?'

வசந்தா அந்தப் பெட்டியை இன்னொரு தடவை படித்தாள்.

"யாருங்க இந்தப் பொண்ணு?" என்றாள். "எனக்கு வருத்தமா இருக்குமான்னு கேக்க ஒரு ஆளாச்சும் இருந்திருக்குது."

அடுத்த ஃபைலுக்குப் போனேன்.

ஆனால் மோசமானது இன்னும் வரவில்லை. அந்த ஃபோல்டரில், நான் திறக்கத் தயங்கிய ஒரு கட்டுரை இருந்தது. எங்கள் காலனி வாட்ச்மேன் யாதய்யா, பணியில் தூங்குவதைப் பற்றி நான் எழுதியது. அதில் ஒரு பெரிய ஜோக். என் வாழ்நாளிலேயே சிறந்த ஜோக் என்று நினைத்திருந்தேன். அச்சில் வந்தபோது அது இல்லை. அந்தப் பத்தியே இல்லை!

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆசிரியருக்கு நேரடியாக ஒரு கடிதம் எழுதினேன். 'தங்கள் உதவி ஆசிரியை என்னை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், வாரா வாரம் என் எழுத்தை வெட்டுகிறார். எழுதுகிறவனிடம் அனுமதி கேட்பது அடிப்படை நாகரிகம் அல்லவா?' இப்படி இரண்டு பக்கம். நல்ல நடை. எனக்கே பிடித்திருந்தது. ஆசிரியர் வருத்தம் தெரிவித்துப் பதில் போட்டார். அடுத்த வாரத்திலிருந்து வியாழக்கிழமை மெயில் வேறொருவர் பெயரில் வந்தது. நான் ஜெயித்துவிட்டேன்! நண்பர்களுக்கெல்லாம் சொன்னேன். சொல்லிச் சொல்லி, அந்தக் கடிதத்தின் சில வரிகள் மனப்பாடமே ஆகிவிட்டன.

இப்போது அந்த ஃபைலைத் திறந்தேன். யாதய்யா பத்தியிலிருந்து ஒரு கோடு கிளம்பி ஓரத்துக்குப் போனது.

'சார், இதில் வாட்ச்மேனின் நிஜப் பெயரும் காலனி பெயரும் இருக்கிறது. காலனியில் தமிழ் படிப்பவர்கள் இருப்பார்களே? யாராவது சொன்னால் அவர் வேலைக்கு ஆபத்து வராதா? பெயரை மாற்றட்டுமா, பத்தியையே எடுக்கட்டுமா? நீங்கள் சொல்வதுபோல் செய்கிறேன். வெள்ளி மதியம் வரை காத்திருப்பேன்.'

அதற்கு நான் அனுப்பிய பதிலையும் தேடிப் பார்த்தேன். இருந்தது. வெள்ளி காலை.

நன்றி. சிறப்பு.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் காலனி கேட் தெரியும். யாதய்யா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

திங்கட்கிழமை சென்னைக்குப் போன் செய்து, மாலதியின் நம்பர் வேண்டும் என்று கேட்டேன். 'அவங்க போய் ரொம்ப நாளாச்சே சார்' என்றார்கள். என் பக்கத்திலிருந்து எடுத்து, ராசிபலன் பக்கத்துக்குப் பிழை திருத்தப் போட்டிருக்கிறார்கள். மூன்று மாதத்தில் ராஜினாமா. அவருடைய தோழி ஒருவர், மாலதியைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து நம்பர் தந்தார்.

ஹைதராபாத் நம்பர்!

ஆச்சரியப்படாதீர்கள். படித்தவர்களை எல்லாம் கொண்டுவந்து மாதாப்பூரில் கொட்டுவது என்று ஐ.டி. கம்பெனிகள் முடிவு செய்து வருடக்கணக்காகிறது. மாலதி இங்கே வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். என் வீட்டிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.

என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு போன் செய்தேன். பெயரைச் சொன்னேன்.

"சொல்லுங்க சார்," என்றார். அவ்வளவுதான். குரலில் சூடும் இல்லை, குளிரும் இல்லை.

தாளில் எழுதியது மறந்துவிட்டது. "நேர்ல வந்து ஒண்ணு சொல்லணும்மா," என்றேன்.

சனிக்கிழமை நானும் வசந்தாவும் போனோம். அவர் ஆபீஸ் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு காபி கடை. முப்பது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அந்த மரியாதை எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கம்பியில் ஆரம்பித்து, மஞ்சள் பூச்சு, பால்ராஜ், ஒரே க்ளிக், சிவப்புப் பெட்டி என்று எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அவர் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. முடித்ததும் கேட்டார்:

"அப்ப நீங்க ஒண்ணையுமே படிக்கலையா சார்?"

"இல்லைம்மா."

"நான் என்ன நினைச்சேன் தெரியுமா? நீங்க எல்லாத்தையும் படிச்சிட்டு, 'சிறப்பு'ன்னு ஒத்துக்கிட்டு, அப்புறம் ஆசிரியர்கிட்ட போய் அப்படியே மாத்திச் சொல்லிட்டீங்கன்னு. இத்தனை நாளா அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன்."

"ஆசிரியர்கிட்ட ஃபைலைக் காட்டியிருக்கலாமே?" என்றாள் வசந்தா.

"காட்டறேன்னு சொன்னேன் மேடம். அவர் கம்ப்யூட்டர் பக்கமே வர மாட்டார். 'அவர் பெரிய மனுஷன், பொய் சொல்லுவாரா?'ன்னு கேட்டார். அதுக்கு என்ன பதில் சொல்றது? வெளிய வந்துட்டேன்."

தாளில் நான் எழுதி வைத்திருந்த அழகான வாக்கியம் எதுவும் வாயில் வரவில்லை. "தப்பு என்னோடதும்மா. மன்னிச்சிடு," என்றேன்.

மாலதி கப்பைத் திருப்பித் திருப்பி வைத்தார். "மன்னிக்கிற அளவுக்கு ஒண்ணும் இல்ல சார்னு சொல்லணும்னுதான் வாயில வருது. ஆனா இருந்துச்சு சார். அந்த வேலையை நான் ரொம்ப ஆசைப்பட்டுச் சேர்ந்தேன்."

வசந்தா மேஜைக்கு மேலே கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப என்ன வேலை கண்ணு?"

"சாஃப்ட்வேருக்கு ஹெல்ப் எழுதறேன் மேடம். எந்த பட்டனை அழுத்தினா என்ன ஆகும்னு. யாரும் படிக்க மாட்டாங்க." மெல்லச் சிரித்தார். "எனக்குத்தான் அது பழக்கமாச்சே."

வசந்தா சிரித்துவிட்டாள். மாலதியும். அப்புறம் அவர்கள் இருவரும் பேச ஆரம்பித்தார்கள். சாம்பார் பற்றி, அந்தப் பதிமூன்று தடவையில் எது ரொம்ப மோசம் என்பது பற்றி. நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நியாயம்தானே?

கிளம்பும்போது, "நான் என்ன செய்யட்டும், சொல்லும்மா," என்றேன்.

"அந்த வேலை எனக்கு இனிமே வேண்டாம் சார். ஆனா, ஆசிரியர் மனசுல நான் பொய் சொன்னவளா இருக்கேன். அது மட்டும் இருக்கக் கூடாது."

பஸ்ஸில் திரும்பும்போது வசந்தா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மெயில் போட்டா பத்தாதுங்க. அவரு கம்ப்யூட்டரே பாக்க மாட்டாராமே."

புது வெர்ஷனில் ஒரு வசதி. சிவப்புப் பெட்டிகளோடு சேர்த்தே பக்கத்தை அச்சடிக்கலாம். எழுபத்து நான்கு கட்டுரை. ப்ரின்டரில் இரண்டு தடவை மை தீர்ந்தது. ஒவ்வொரு கட்டுரைக்குப் பின்னாலும், நான் அனுப்பிய 'நன்றி. சிறப்பு'வை ஒரு தாளில் அடித்து வைத்துத் தைத்தேன். மேலே ஒரு கடிதம். அதே ஆசிரியருக்கு. முன்பு எழுதியது போல நடை அமையவில்லை. 'அவர் கேட்டார். ஒவ்வொரு வாரமும் கேட்டார். பதில் சொல்லாதது நான். தங்களுக்கு நான் எழுதியது பொய். தெரியாமல் எழுதிய பொய், ஆனால் பொய்' — இவ்வளவுதான் எழுத முடிந்தது.

ஒரு வாரம் பதில் இல்லை. சிவப்பு மையில் சீட்டு ஒட்ட முடியாத தூரத்தில் இருந்தார் ஆசிரியர். எட்டாம் நாள் போன்.

"முழுக்கப் படிச்சேன்," என்றார். வழக்கமாகக் கணீரென்று பேசுகிறவர். அன்று குரல் இறங்கியிருந்தது. "உங்களை நம்பினது தப்பில்ல. அந்தப் பொண்ணு ஆதாரம் இருக்குன்னு வந்து நின்னப்ப எழுந்து போய்ப் பார்க்காததுதான் தப்பு. அந்த மெஷின் என் மேஜையிலேர்ந்து பத்தடி தூரத்துல இருந்துச்சு சார்." மாலதியின் நம்பரை வாங்கிக்கொண்டார்.

'இதையெல்லாம் பத்தியில் எழுதட்டுமா? உங்களைப் பற்றியும் வருமே?' என்று கேட்டேன்.

"எழுதுங்க," என்றார். "ஒரு வரியும் வெட்ட மாட்டேன்."

எழுதிவிட்டேன். யாதய்யாவைப் பற்றியும் எழுதியாயிற்று — அவரிடம் முதலில் தெலுங்கில் படித்துக் காட்டி, அனுமதி வாங்கிக்கொண்டு. தன் பெயர் இருக்க வேண்டும் என்றே சொன்னார். அவர் இப்போதெல்லாம் தூங்குவதில்லை என்பதையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்துவிட்டேன்.

புது வெர்ஷன் எப்படி இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். பழகவில்லை. சேமிப்பதற்கு எதை அழுத்துவது என்று இன்னும் தடுமாறுகிறேன். ஆனால் அதைப் போட்ட அன்று தொலைந்துபோகும் என்று நான் பயந்ததில் எதுவும் தொலையவில்லை. தொலைத்திருந்தேன் என்றே தெரியாத ஒன்று கிடைத்தது.

நேற்று மாலை மாலதியிடமிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். 'ஆசிரியர் பேசினார். ரொம்ப நேரம் பேசினார். மனசு லேசாச்சு சார். உங்க மேல கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கு. அதுவா போகும்.'

மெதுவாகவே போகட்டும்... நியாயமான கோபத்துக்கு அவசரம் எதற்கு?